தட்டாமல் திறந்த கதவு

தொலைக்காட்சியைப் போட்டதும் திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு நீண்டு, அதன் முனையில் முப்பத்து நான்கு என்று எண் வந்து நின்றது. நகைக்கடை விளம்பரத்தின் நாதஸ்வரத்தில் கூடம் அதிர்ந்தது.

"இன்னாத்துக்குடி இவ்ளோ சத்தம்?" என்றாள் சுபத்ரா. தன் குரல் ஏன் அப்படிக் கீச்சிட்டது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"நான் எங்கம்மா ஏத்தினேன்? போட்டதும் அதுவே அப்டிதான் இருந்துச்சு," என்றாள் மகள் தீபா.

அந்த வீட்டில் சத்தம் எப்போதும் பதினெட்டில் இருக்கும். நேற்று ராத்திரி செய்தி பார்த்து முடித்து அணைத்தவள் சுபத்ராதான்; அப்போதும் பதினெட்டுதான். மகளின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி ஒவ்வொன்றாகக் குறைத்தாள். முப்பத்து மூன்று. முப்பத்திரண்டு. காலையில் வடை சுடும்போது எண்ணெய் தெறித்து வலது மணிக்கட்டில் கொப்புளம் போட்டிருந்தது. தீபா அதன்மேல் பற்பசை அப்பிவிட்டிருந்தாள். கட்டைவிரலை அழுத்தும்போதெல்லாம் அந்த வெள்ளைத் திட்டுக்கு அடியில் சுரீர் என்று எரிந்தது. பதினெட்டு வந்ததும் ரிமோட்டை யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று அமாவாசை. ஆரணியில் அமாவாசையன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். மற்ற நாட்களில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தறிச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டுக் கேட்டுக் காதுக்கு அது ஒரு சத்தமாகவே தெரியாது. அமாவாசையன்று அது நின்ற பிறகுதான் தெருவுக்கு ஒரு வாய் இருந்ததும், இன்று அது மூடிக்கொண்டதும் தெரியும். இந்த வருஷமும் தீபாவளியும் அமாவாசையும் சேர்ந்து வந்திருந்தன. காலையில் வெடித்த பட்டாசுகள் மழையில் நமத்துப்போய், மத்தியானத்துக்கு மேல் ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஜன்னலைச் சாத்தியிருந்ததால் மூன்று மணிக்கே கூடம் மங்கலாகக் கிடந்தது. சாம்பிராணிப் புகையும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாசனை.

இவர்கள் வீட்டில் பண்டிகை இல்லை. உண்ணாமலை செத்து இன்றோடு ஒரு வருஷம்.

உண்ணாமலை, சுபத்ராவின் கணவன் தனசேகரனுக்கு அக்கா. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போயிற்று. காதோடு பேச்சும் குழறிப்போயிற்று. கல்யாணம் ஆகவில்லை. ஐம்பது வயதுவரை தம்பி வீட்டில் இருந்து அவன் தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றினாள், அறுந்த இழைகளை முடிந்தாள். யாரையாவது கூப்பிட வேண்டுமானால் குரல் கொடுக்க மாட்டாள். ஊடை இழையைக் கொண்டுபோகும் நாடாவை எடுத்து, அதன் இரும்பு மூக்கால் தறிக்கட்டையில் தட்டுவாள். இரண்டு தட்டினால் தண்ணீர். மூன்று தட்டினால் வா.

மத்தியானம் படையலைத் தறிக்கூடத்திலேயே போட்டார்கள். அவள் உயிர் போன இடம் அதுதான். இலை போட்டு, வடை பாயசம் அதிரசம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். செத்தவர் வந்து சாப்பிடுவதற்கான நேரம் அது. மறுபடி திறப்பதற்கு முன் கதவை மூன்று முறை தட்ட வேண்டும். நாங்கள் வருகிறோம், நீ எழுந்து புறப்படு என்று சொல்வதற்காக. தட்டாமல் திறந்தால் வந்தவர் எழுந்து போக மாட்டார் என்பது அந்தக் குடும்பத்தில் சொல்லிச் சொல்லி வந்த பேச்சு.

"நீ தட்டு சுபா. அவளுக்குச் சோறு போட்டவ நீதான்," என்று சொல்லிவிட்டு, தனசேகரன் வாசலில் காக்கைக்குச் சோறு வைக்கப் போனான். மற்றவர்களும் அவன் பின்னால் போனார்கள்.

சுபத்ரா கதவின் முன் கையை மடக்கி நின்றாள். மூன்று தட்டு. கை எழும்பவில்லை. விரல் முட்டி மரத்தைத் தொட ஓர் அங்குலம்தான் இருந்தது. அந்த அங்குலத்தைத் தாண்ட முடியவில்லை. கடைசியில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினாள். மழையில் ஊறி உப்பியிருந்த கதவு, நிலையில் உராய்ந்து முனகிக்கொண்டு திறந்தது.

"தட்டினியா?" என்று வாசலிலிருந்து தனசேகரன் கேட்டான்.

"தட்டினேங்க."

இந்த ஒரு வருஷத்தில் அவனிடம் சொன்ன இரண்டாவது பொய் அது.

கொழுந்தன் பலராமன் களம்பூர் அரிசி ஆலையிலிருந்து வந்திருந்தான். சோபாவில் காலை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "தீபா, அந்த மாப்ளே படம் போட்றான் பாரு. வையி வையி, ஜல்தி," என்றான்.

தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைப் பேய் பிடிக்கிற படம். போன தீபாவளிக்கு முதன்முறையாகப் போட்டார்கள். இந்த தீபாவளிக்கும் அதையே போடுகிறார்கள்.

"வேற எதுனா வையேன்," என்றாள் சுபத்ரா. "திதி அன்னிக்குப் பேய்ப் படமா?"

"சிரிப்புப் பேய்தான அண்ணி. இன்னா, கடிச்சா வச்சிடும்?"

தனசேகரன் எழுந்தான். முக்காலியில் மல்லிகைச் சரம் போட்டு வைத்திருந்த அக்காவின் படத்தை முக்காலியோடு தூக்கி, தொலைக்காட்சியைப் பார்த்தாற்போல் திருப்பி வைத்தான்.

"ஓடட்டும். போன வருஷம் பாதியில எழுந்து போய்ட்டா. முடிவு பாக்கவே இல்ல. அவளும் பாக்கட்டும்," என்றான்.

பாதியில் எழுந்து போகவில்லை. அனுப்பப்பட்டாள்.

போன தீபாவளிக்கு சுபத்ராவின் அண்ணனும் அண்ணன் மனைவியும் வேலூரிலிருந்து வந்திருந்தார்கள். எல்லாரும் இதே கூடத்தில் இதே படத்தைப் பார்த்தார்கள். உண்ணாமலை தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எப்போதும் தாமதமாகத்தான் சிரிப்பாள். மற்றவர்கள் சிரிப்பதைத் திரும்பிப் பார்ப்பாள், முகம் முகமாகப் பார்த்து உறுதிசெய்துகொள்வாள், எல்லாரும் ஓய்ந்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வரும். வற்றிய குழாயில் காற்று ஏறுவதுபோல் மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, ஹீ, ஹீ, ஹீ என்று. சுபத்ரா அந்தச் சிரிப்பை நன்றாகச் செய்து காட்டுவாள். குழாயடியில், சொந்தக்காரர் கல்யாணத்தில், மகளிடம் சமையலறையில். பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

அன்று அண்ணன் மனைவி உதட்டைச் சுழித்ததைச் சுபத்ரா பார்த்தாள். முகம் சுட்டது. அடுத்த சிரிப்புக்கு முன்னால் உண்ணாமலையின் தோளைத் தொட்டு, போய்ப் படு என்று தறிக்கூடத்தைக் காட்டினாள். உண்ணாமலை மார்பில் கை வைத்து ஏதோ சொல்ல வந்தாள். சுபத்ரா பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். அவள் எழுந்து போனதும் கதவை இழுத்துச் சாத்தினாள். உப்பிய கதவு, உள்ளேயிருந்து இரண்டு கையாலும் பலமாக இழுத்தால்தான் திறக்கும். அது சுபத்ராவுக்குத் தெரியும்.

இப்போது திரையில் மாப்பிள்ளை பெட்டியோடு பங்களாவுக்குள் நுழைந்தான். அவனுக்குப் பின்னால் பெட்டி தானாகவே நகர்ந்தது. பலராமன் தொடையைத் தட்டிச் சிரித்தான். தீபா சிரித்தாள். தனசேகரன்கூட மீசைக்குள் சிரித்தான். சுபத்ராவும் உதட்டை விரித்து வைத்தாள். சிரிப்பு ஓய்ந்தது. ஓட்டிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது.

ஹீ. ஹீ. ஹீ.

அவள் காதுக்குப் பின்னால். அவ்வளவு பக்கத்தில். பிடரி முடி அசைந்தது.

"அம்மா!" தீபா வெடுக்கென்று திரும்பினாள். "இன்னிக்குமா அத்தை மாதிரி செஞ்சு காட்டுவ? சீ, போம்மா."

"நான் இல்லடி."

"பின்ன யாரு? உன்கிட்ட இருந்துதான் வந்துச்சு."

பலராமன் எதுவும் கேட்காததுபோல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தனசேகரன் மனைவியைப் பார்த்தான். அவள் அப்படிச் செய்து காட்டுவாள் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொண்டான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் கோபப்படவில்லை.

"விடு தீபா," என்றான். "அம்மாவுக்கும் அவ நெனப்புதான்." பிறகு படத்தில் இருந்த அக்காவிடம் சொல்வதுபோல், "ஒரு கஷ்டமும் படாம போனா. ஒரு சத்தம் இல்ல. அத நெனச்சிதான் நான் நடமாடிகினு இருக்கேன்," என்றான்.

சொல்லிவிட வேண்டும். சத்தம் இருந்துச்சுங்க. நான் கேட்டேன். நாலே நாலு சொல். நாக்கின் நுனிவரை வந்தது. அவன் கண்ணில் இருந்த ஈரத்தைப் பார்த்ததும் அது அப்படியே திரும்பித் தொண்டைக்குள் இறங்கியது. ஒரு வருஷமாக அவன் இதைச் சொல்லும்போதெல்லாம் செய்ததையே மறுபடி செய்தாள். தலையை ஆட்டினாள்.

தறிக்கூடத்துக் கதவு, யாரோ உள்ளேயிருந்து சாய்ந்தாற்போல், மெல்ல முனகியது.

படம் ஓடியது. அடுத்து எது வரும் என்று அவளுக்கு வரிசையாகத் தெரியும். முறுக்கு காணாமல் போகும். புது வேட்டி கூரையில் தொங்கும். அதற்குப் பிறகு எண்ணெய்க் குளியல். மாப்பிள்ளை மணையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். பின்னாலிருந்து இரண்டு கைகள் அவன் தலையில் எண்ணெய் தேய்க்கும். 'இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ங்க அத்தே' என்பான். அப்போது எதிரே சமையலறையிலிருந்து அத்தை சீயக்காய்க் கிண்ணத்தோடு வருவாள். இசை சட்டென்று நின்றுவிடும். அவன் முகம். அத்தையின் முகம். தலைமேல் அந்தக் கைகள். ஆறேழு விநாடிக்கு ஒரு சத்தமும் இருக்காது. அதற்கப்புறம்தான் அலறலும் மேளமும். ஊரே சிரித்த இடம்.

அந்த ஆறேழு விநாடியில்தான் போன வருஷம் கேட்டது. டக். டக். டக்.

கதவுக்குப் பக்கத்தில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். அமாவாசையன்று தறியில் யார் உட்காருவார்கள், பக்கத்து வீட்டில் ஏதோ சத்தம் என்று நினைத்தேன் என்று பிறகு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். அப்போது அப்படி நினைக்கவில்லை. கூப்பிடுகிறாள், கதவைத் திறந்தால் வெளியே வருவாள், வந்து மறுபடி சிரிப்பாள் என்றுதான் நினைத்தாள். ரிமோட்டை எடுத்தாள். பத்தொன்பது. இருபது. இருபத்தைந்தில் மறுபடி மூன்று தட்டு. முப்பதில் நூல் மாதிரி. முப்பத்து நான்கில் கேட்கவில்லை. "இன்னா சுபா, இவ்ளோ சத்தம்?" என்று அண்ணன் மனைவி கேட்டதற்கு, "நல்ல சீனு," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

படம் முடிந்து, காபி போட்டுக் கொடுத்து, அவர்களைப் பஸ் ஏற்றி அனுப்பிய பிறகுதான் கதவைத் தள்ளினாள். உண்ணாமலையின் கால்கள் தறிக்குழிக்குள் தொங்கின. தலை, நெய்த பட்டின்மேல். கையில் நாடா. நெஞ்சடைப்பு, நொடியில் போயிருக்கும் என்றார்கள். யாரும் தறிக்கட்டையைப் பார்க்கவில்லை. சுபத்ரா பார்த்தாள். பழைய கறுத்த மரத்தில் புதுசாக வெள்ளை வெள்ளையாய் வடுக்கள், இரும்பு மூக்குப் பட்ட இடமெல்லாம். எண்ண ஆரம்பித்து, பன்னிரண்டோடு விட்டுவிட்டாள். கரியும் எண்ணெயும் குழைத்து அவற்றின்மேல் பூசிய பிறகுதான் கத்தி ஊரைக் கூட்டினாள்.

திரையில் இப்போது வேட்டி கூரையில் தொங்கியது.

உட்கார முடியவில்லை. "எலைய எடுத்துட்டு வரேன்," என்று எழுந்தாள். ரிமோட்டைச் சோபாவில் வைத்தாள்.

"சீன் வருது அண்ணி, பாத்துட்டுப் போங்க."

"பாத்ததுதான்."

தறிக்கூடத்துக்குள் நுழைந்தாள். தண்ணீர் சொட்டுவதுகூட இங்கே கேட்கவில்லை. விளக்கு எண்ணெய், ஈரப் பட்டின் முட்டை வாசனை, அதற்கடியில் வேறொன்று: உண்ணாமலை தலைக்கு வைக்கும் மரிக்கொழுந்து. இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. சோற்றின் நடுவில் மட்டும் ஒரு குழி. விரல் வைத்துப் பிசைந்ததுபோல.

பூனை, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

தறிக்கட்டையில் வடுக்கள். அவள் கரி பூசி மறைத்தவை. இப்போது கரி இல்லை. வெள்ளை வெள்ளையாய், இப்போதுதான் பட்டதுபோல், மரத்தூள்கூட உதிராமல்.

நாடா அதன் இடத்தில் இல்லை. தறிக்குழிக்குள், மிதிப்பலகைக்குப் பக்கத்தில் கிடந்தது. கால் படும் இடத்தில் நாடா கிடக்கக் கூடாது. அது ஒன்றுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. யோசிக்காமல் தறி விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டுக் குனிந்தாள்.

உட்கார்ந்த இடம் சூடாக இருந்தது.

யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு.

கதவு முனகியது. மூடிக்கொண்டது.

எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை. இடது தோளிலிருந்து ஒரு பாரம் மெல்ல மார்புக்கு இறங்கியது. வலியில்லை. கை வைத்து அழுத்துவதுபோல. "ஏங்க," என்றாள். வாய் அசைந்தது. "ஏங்க." தன் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொலைக்காட்சிச் சத்தமும் இல்லை. மழையும் இல்லை. காதுக்குள் பஞ்சு அடைத்தாற்போல் ஒரு வெறுமை. காய்ச்சலில் காது போனவளுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

உப்பிய கதவு நிலையோடு சேராமல் ஒரு விரற்கடை இடுக்கு விட்டிருந்தது. அதன் வழியே திரையின் வெளிச்சம். தீபாவின் முதுகு. பலராமனின் கால். கணவனின் பக்கவாட்டு முகம்.

திரையில் மணை. கண்ணை மூடிய மாப்பிள்ளை. தலைமேல் இரண்டு கைகள்.

அத்தை கிண்ணத்தோடு வந்தாள்.

இப்போது வெளியே சத்தமே இருக்காது. ஆறேழு விநாடி. இப்போது தட்டினால் கேட்கும். கணவனுக்குக் கேட்கும்.

நாடாவை எடுத்தாள். தட்டினாள். காதுக்கு ஒன்றுமில்லை. உள்ளங்கையில் மட்டும் அதிர்வு.

ஒன்று. இரண்டு. மூன்று.

கதவுக்குப் பக்கத்தில், அவள் எழுந்து வந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவள் திரும்பினாள்.

சுபத்ரா கட்டியிருந்த அதே கத்தரிப்பூச் சேலை. அதே கொண்டை. அவள் முகம். சுபத்ராவின் முகம். இடுக்கு வழியாக நேராகப் பார்த்தது. கேட்டுவிட்டது. கேட்டது அந்த முகத்தில் தெரிந்தது. மெல்லத் தலையை ஆட்டியது.

பிறகு திரும்பிக்கொண்டது.

ஒரு கை சோபாவிலிருந்து ரிமோட்டை எடுத்தது. மணிக்கட்டில் வெள்ளைத் திட்டு. சுபத்ரா குனிந்து தன் மணிக்கட்டைத் தடவினாள். எரியவில்லை. கொப்புளம் இல்லை. தோல் சுருங்கித் தொங்கியது, உண்ணாமலையின் கைபோல.

திரையின் அடியில் பச்சைக் கோடு நீண்டது.

பத்தொன்பது. இருபது.

தட்டினாள். மூன்று. மறுபடி மூன்று. மரத்தூள் பறந்தது.

இருபத்தைந்து. முப்பது.

முப்பத்து நான்கு.

எல்லாரும் சிரித்தார்கள். தீபாவின் தோள் குலுங்கியது. பலராமன் தொடையைத் தட்டினான். கணவன் ஒரு வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஒரு சத்தமும் இல்லாமல். சிரித்து ஓய்ந்தார்கள்.

அவர்கள் நடுவே உட்கார்ந்திருந்தவள் தீபாவின் முகத்தைப் பார்த்தாள். பலராமனின் முகத்தைப் பார்த்தாள். தனசேகரனின் முகத்தைப் பார்த்தாள். உறுதிசெய்துகொண்டாள். அப்புறம் வாயைத் திறந்து, மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, தனியாகச் சிரிக்க ஆரம்பித்தாள்.